எதிர் வீட்டில் என் வீட்டுக்காரர்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்னைக்குச் சின்ன நாத்தனார் போன்ல ஆறுதல் சொன்னா. "அண்ணனுக்கு நல்ல சாவு மைனி. பாயில கெடக்கல, பீயள்ள விடல. நின்னமேனிக்குப் போயிட்டாக."

தூத்துக்குடியில பொறந்த மனுஷன் ஜப்பானுக்கு வந்து, ஒரு நேபாளத்துக்காரர் நடத்துற இந்தியன் ஹோட்டல்ல சீஸ் நான் ரொட்டி சுட்டுக்கிட்டே அடுப்பு முன்னால விழுந்து செத்தா அது நல்ல சாவாம். அப்ப கெட்ட சாவு எப்படி இருக்கும்னு கேட்டேன். போனை வச்சிட்டா.

துணி துவைச்சேன். கடையில வெங்காயம் உரிச்சேன். முதலாளி தாப்பா அண்ணன் இந்த டைரியக் கொடுத்து, மனசுல உள்ளத எழுதுங்கன்னாரு. அஞ்சாங் கிளாஸ் படிச்சவளுக்கு டைரி. அவரு பிள்ளைங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டதா இருக்கும்.

மனசுல உள்ளது இதுதான். அவுக விசாவுலதான் நானும் இங்க இருக்கேன். அவுக போயாச்சு, இந்த மாசக் கடைசியில நானும் ஊருக்குப் போகணும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போனா என்ன? ஊருக்குப் போயிட்டா அங்க என்னைத் தேடி வருவாகளா? உசுரோட இருக்கும்போதே எக்மோர்ல வேற பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு, ரயிலு லேட்டுன்னு அடிச்சுச் சொன்ன ஆளு.

ஒரு தடவை பாக்கணும். பேச வேண்டாம். பேசினா எப்படியும் சண்டைதான்.

ஆகஸ்ட் 12, புதன்

ஆடி அமாவாசை. தலைக்குக் குளிச்சுப் படையல் போட்டேன். சாம்பார், உளுந்த வடை, பாயசம். வாழைக்காய் கெடைக்காததால உருளைக்கிழங்குப் பொரியல். வாழை இலைக்குப் பீங்கான் தட்டு. சுவத்துல சமையக்காரத் தொப்பியோட எங்க வீட்டுக்காரரு சுடலைமுத்து, முறைச்சுக்கிட்டு. போட்டோ எடுத்தவன் சிரிங்கன்னதும் முறைச்சது.

பால்கனிக் கம்பியில சோத்துருண்டைய வச்சு, "கா, கா"ன்னு கூப்பிட்டேன். இந்த ஊர்க் காக்கா ஒவ்வொண்ணும் கோழி சைஸு. ஒண்ணு வந்து சோத்த விட்டுட்டு வடையத் தூக்கிட்டுப் போச்சு. நம்ம ஊர்க் காக்காவுக்கு இருக்குற பயபக்தி இதுகளுக்கு எங்க.

எதிர் வீட்டு நகாவோ-சான் தெருவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. எழுவது வயசுப் பொம்பளை, புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகல. அவுக போன பொறகு, ஆனி மாசந்தான் நான் இந்த ரூமுக்கு வந்தேன், அந்தம்மா புருஷனப் பாத்ததில்ல.

"காக்காவுக்குச் சோறு போடக் கூடாது. குப்பையக் கிளறும்."

"எங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன்."

"உன் வீட்டுக்காரரு காக்காவா?"

"இன்னைக்கு மட்டும்."

அந்தம்மா ஏணியில ஏறித் தன் வாசல்ல வெள்ளைக் காகித விளக்கு ஒண்ணு மாட்டினா. நாளையில இருந்து இவங்களுக்கு ஓபோன். செத்தவங்க நாலு நாள் வீட்டுக்கு வந்து தங்கிட்டுப் போவாங்களாம். மொத வருஷம் வழி தெரியாதுன்னு வெள்ளை விளக்காம். இவங்க ஆளுங்களுக்கு லைட்டு, எங்க ஆளுங்களுக்குக் காக்கா.

(எனக்குத் தெரிஞ்ச ஜப்பான் பாஷை கடையில பாத்திரம் கழுவுற எடத்துல கத்துக்கிட்டது. அந்தம்மா பேசினத எனக்குப் புரிஞ்ச தமிழ்ல எழுதுறேன். நெசத்துல இதைவிட மரியாதையாப் பேசியிருக்கும்.)

அவுக வரல.

ஆகஸ்ட் 13, வியாழன்

சாயங்காலம் அந்தத் திருட்டுக் காக்கா திரும்ப வந்துச்சு. அது பின்னாலேயே ஒரு ஆளும் வந்தாரு.

ரெண்டாவது மாடி. பஸ்ஸுல ஏறுற மாதிரி பால்கனிக் கம்பிக்கு மேல காலை வச்சு உள்ள வந்தாரு. ஜப்பான்காரர், வயசானவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. செருப்பக் கழட்டி வாசலப் பாத்துத் திருப்பி வச்சாரு. போட்டோவப் பாத்து ஒரு கும்புடு, எனக்கு ஒரு கும்புடு.

"நல்ல வாசனை"ன்னாரு.

நேத்துப் படையல்ல மிஞ்சின சாம்பாரச் சுடவச்சு வச்சிருந்தேன். வெளிய போன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். "ஒக்காருங்க"ன்னு வந்துச்சு.

சாம்பாரும் சோறும் சாப்பிட்டாரு. வடையை ரெண்டு கையாலயும் ஏந்திச் சாப்பிட்டாரு. தட்டுல பாத்தா எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. ஒரு வாய் எடுத்துப் போட்டேன். நனைஞ்ச காகிதம். உப்பு, புளி, காரம் ஒண்ணு விடாம உறிஞ்சிட்டாரு. அவரு ஒக்காந்திருந்த தலகாணி கொஞ்சங்கூட அமுங்கல. அப்பத்தான் செத்தவருன்னு புரிஞ்சுது.

பயம் வரலியான்னு கேட்டா, வரல. எரிச்சல்தான் வந்துச்சு. கூப்பிட்டது ஒருத்தர, வந்தது இன்னொருத்தர். காக்கா கிட்ட போய் யாரு சண்டை போட?

"ரொம்ப நல்லா இருந்துச்சு. நன்றி"ன்னு தலையத் தரை வரைக்கும் குனிஞ்சாரு. கல்யாணமான நாள்ல இருந்து அவுக எனக்குச் சொல்லாத நன்றி எல்லாம் அந்த ஒரு குனிவுல வசூலாயிருச்சு.

ஆகஸ்ட் 14, வெள்ளி

கிளிப்பச்சைச் சேலை கட்டினேன். மத்தது அழுக்கா இருந்துச்சு, அதான்.

அவரு வந்தாரு. தக்காளி ரசம் வச்சிருந்தேன், கூட ரெண்டு வடை. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது காலிங் பெல். எதிர் வீட்டு நகாவோ-சான். கையில விசிறி, உதட்டுல சாயம்.

"உன் புருஷன் என் வீட்டுல இருக்கான்."

"என்னது?"

"கறுப்பா, மீசையோட. ஏப்ரன்ல உங்க கடை பேரு. நேத்து சாயங்காலம் வந்தான். வாசல்ல நின்னு, 'வாங்க வாங்க'ன்னு என்னையே என் வீட்டுக்குள்ள கூப்பிட்டான். எம் புருஷனுக்கு வச்ச பீர் முழுக்க அவன்தான் குடிச்சான். கிளாஸ்ல இருக்கு, ஆனா வெறும் தண்ணி. சுட்ட கருவாட்டையும் விட்டு வைக்கல. காரம் எவ்வளவு வேணும், சாதாரணமா, அதிகமான்னு கேட்டுக்கிட்டே இருக்கான். நான் என்ன உங்க கடைக்கா வந்தேன்?"

அவுகதான். ஜப்பான் பாஷையில அவுகளுக்குத் தெரிஞ்சது அந்த நாலு வரிதான்.

எனக்கு எங்க இருந்து கோவம் வந்துச்சோ. நான் தலை முழுகிக் கோலம் போட்டுப் படையல் வச்சா எதிர் வீட்டுல போய் ஒக்காந்திருக்காக. அப்புறம் யோசிச்சேன். அமாவாசைன்னாலே இந்த மனுஷன் காலையில வெளிய போயி, சாயங்காலம் வாயில மீன் வாடையோட வருவாரு. சைவச் சாப்பாட்டு வாசம் அவுகளுக்கு ஆகாது. அந்த ஆளைச் சாம்பார் வச்சுக் கூப்பிட்டிருக்கேன். முறைப்படி செய்யணும்னு செஞ்சேன். ஒரு பக்கம் சாம்பாரு, ஒரு பக்கம் பீரும் கருவாடும். எந்த வீட்டுக்குள்ள நுழைவாரு?

"உங்க வீட்டுக்காரரு இங்க இருக்காரு"ன்னேன்.

அந்தம்மா உள்ள எட்டிப் பாத்தா. "எங்க?"

"இந்தா, தலகாணியில."

"தலகாணிதான் இருக்கு."

அவரு அவ கண்ணுக்கு முன்னாலதான் ஒக்காந்திருக்காரு. அவளுக்குத் தெரியல.

"காது பக்கத்துல மச்சம். அதுல ரெண்டு முடி"ன்னேன்.

நகாவோ-சான் செருப்போட உள்ள வந்துட்டா. இந்த ஊர்ல அப்படி யாரும் வந்து நான் பாத்ததில்ல. தலகாணிக்கு முன்னால முட்டி போட்டுக் காத்தத் தடவினா.

"என்ன சொல்றாரு?"

அவரு ஒண்ணும் சொல்லல. அவளப் பாத்ததும் முதுக நிமித்தி ஒக்காந்து, கையில இருந்த வடையை மேசைக்கு அடியில ஒளிச்சாரு.

"உங்களப் பாத்ததுல ரொம்பச் சந்தோஷமாம்"ன்னேன்.

அந்தம்மா முகத்தப் பொத்திக்கிட்டா. உதட்டுச் சாயம் கையெல்லாம் ஒட்டிக்கிச்சு.

அவ போனதும் ஓடிப்போய் அவ வீட்டு ஜன்னலை எட்டிப் பாத்தேன். வெள்ளை விளக்கு, சாமி மாடம், பீர் கிளாஸ், ஆளில்லாம ஒக்காருற பலகை. அவளுக்கு அவளுதுதான் தெரியாதுன்னு பாத்தா, எனக்கு என்னுது தெரியல. நல்ல ஏற்பாடு. யாரு போட்ட சட்டமோ, நல்லா இருக்கட்டும்.

ஆகஸ்ட் 15, சனி

காலையிலேயே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வச்சேன். ஊர்ல இருந்து கொண்டுவந்த கடைசிப் பொட்டலம். இந்தக் கட்டடத்துல கருவாடு வேக வச்சா எல்லா வீட்டு ஜன்னலும் படார் படார்னு மூடும். மூடுச்சு. மூடட்டும், நான் ஊருக்குப் போறவ.

அதே கிளிப்பச்சைச் சேலையில, சட்டியோட எதிர் வீட்டுக்குப் போனேன். நகாவோ-சான் இன்னைக்கும் சாயம் பூசியிருந்தா. செத்துப்போன புருஷனுக்கு உதட்டுச் சாயம். அதுவும் எவ புருஷனுக்கு?

"எங்க இருக்காக?"

பலகையக் காட்டினா. அதுக்கு முன்னால தட்ட வச்சு, சோத்தப் போட்டுக் குழம்ப ஊத்தினேன். தட்டுக்கு எதிர்ல ஒக்காந்தேன். ஒண்ணும் தெரியல. பலகைக்குப் பின்னால காலண்டர்தான் தெரிஞ்சுது.

"என்ன செய்றாக?"

நகாவோ-சான் பலகையப் பாத்தா. அப்புறம் கைய மடியில வச்சுக்கிட்டு, ரேடியோவுல பேசுற மாதிரி சொன்னா: "உன்னைப் பாத்து அழுறான். நீ இல்லாத நாளெல்லாம் பூ இல்லாத வசந்தம் மாதிரி இருக்குன்னு சொல்றான். உன்னை மாதிரி ஒரு மனைவி கெடைக்க..."

"நிறுத்துங்க."

"ஏன்?"

"அவுகளுக்கு அவ்வளவு ஜப்பான் பாஷை தெரியாது. தமிழ்லயும் தெரியாது."

அந்தம்மா முகம் செவந்து போச்சு. "நேத்து உனக்கு மட்டும் எம் புருஷன் ரொம்பச் சந்தோஷம்னு சொன்னானா?"

ரெண்டு பேரும் காலண்டரப் பாத்தோம்.

"சரி. இனிமே பொய் வேண்டாம்"ன்னேன். "உங்களப் பாத்ததும் அவரு பயந்துபோய் வடையை மேசைக்கு அடியில ஒளிச்சாரு."

நகாவோ-சான் வாயத் தொறந்தபடி இருந்தா. "எண்ணெய்ப் பலகாரம்"ன்னா. "டாக்டர் கூடாதுன்னாரு. நான் வீட்டுலயே சேக்க மாட்டேன். நெதம் மீனுதான். மீனு உங்களுக்குப் பிடிக்குமான்னு நான் கேட்டதே இல்ல." அப்புறம் சிரிச்சா. கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சா. "அவருதான். அது அவரேதான்."

"இப்ப நீங்க சொல்லுங்க."

அந்தம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பலகையப் பாத்தா.

"உன்னப் பாக்கல. கருவாட்டப் பாக்குறான். சோத்த ஒரு பக்கம் ஒதுக்கி அணை கட்டி, குழம்பு ஓடாம வச்சிருக்கான். தலைய மொதல்ல திங்குறான். விரல நக்குறான். இப்ப 'உப்பு'ங்கிறான். ஜப்பான்லதான், 'ஷியோ'ன்னு."

"கம்மியா, அதிகமா?"

"அது சொல்லல. மூஞ்சியச் சுளிச்சான். ஆனா நிறுத்தல."

"அப்ப அதிகம்."

"இப்ப நிமிந்து உன் சேலையப் பாக்குறான். 'பச்சே, பச்சே'ன்னு ஏதோ... இல்ல, எனக்குப் புரியல. 'ஏத்தி'ன்னு ஏதோ சொல்றான். நாலஞ்சு வாட்டி சொல்லிட்டான். நீ பதில் சொல்லாததால சத்தத்தக் கூட்டுறான்."

ஏட்டி. எங்க பக்கம் பொண்டாட்டியக் கூப்பிடுறது.

"இருக்கேன், சொல்லுங்க"ன்னேன், பலகையப் பாத்து.

கருவாட்டு நெடி கண்ணுல ஏறிருச்சு. இந்த ஊர்ல நெடி போக வழி இல்ல, எல்லா ஜன்னலையும் மூடியே வச்சிருக்காங்க.

கெளம்பும்போது வாசல்ல வச்சுக் கையப் பிடிச்சா. "நாளைக்குச் சாயங்காலம் வாசல்ல தீ மூட்டி வழியனுப்பணும். மூட்டாம விட்டுட்டா?"

"விட்டுட்டா?"

"போக மாட்டாங்க. இங்கேயே இருப்பாங்க. நீ எனக்குச் சொல்லு, நான் உனக்குச் சொல்றேன்."

ரூமுக்கு வந்து யோசிச்சேன். நல்ல யோசனைதான். நான் இந்த மாசக் கடைசியில ஊருக்குப் போயிருவேன். எம் புருஷனை இவ உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு வருஷம் பூரா பாத்துக்கிட்டு இருப்பா. தினம் போன்ல சொல்லுவா, இன்னைக்கு விரல நக்கினான், நாளைக்கு மூஞ்சியச் சுளிச்சான்னு.

ஆனா அது கூடப் பரவாயில்லன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கேவலம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

தாப்பா அண்ணன் கடைக்கு லீவு சொல்லிட்டேன். காச்சல்னு.

காலையில நகாவோ-சான் வீட்டுப் பெரியவரு வந்தாரு. வடை வச்சேன், தொட்டுக்கூடப் பாக்கல. வெள்ளைச் சட்டை வழியா அவருக்குப் பின்னால இருக்குற குக்கர் தெரிஞ்சுது. செருப்பப் போட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தாரு, வாசலப் பாத்து. ரயிலுக்கு நேரமானவங்க ஒக்காருற மாதிரி.

சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனேன். நகாவோ-சான் வாசப்படியில ஒக்காந்திருந்தா. பக்கத்துல மண் தட்டு, அதுல காஞ்ச சணல் குச்சி. தீப்பெட்டி கையிலேயே இருக்கு. இன்னைக்கு உதட்டுல ஒண்ணும் பூசல.

"மூட்டலாமா, வேண்டாமா?"ன்னா.

"மொதல்ல நெசத்தச் சொல்லுங்க. எங்க ஆளு எப்படி இருக்காரு?"

தயங்கினா. "முட்டிக்குக் கீழ கால் தெரியல. பீர் வச்சேன், தொடல. காரம் எவ்வளவுன்னு கூடக் கேக்கல."

"உங்க ஆளும் அப்படித்தான். செருப்பப் போட்டுட்டாரு."

அந்தம்மா தீப்பெட்டிய என் கையில வச்சா. நான் திருப்பி அவ கையில வச்சேன். பஸ்ஸுல டிக்கெட் நான் எடுக்கேன், நான் எடுக்கேன்னு அடிச்சுக்கிற மாதிரி நாலு வாட்டி கை மாறுச்சு. கடைசியில அவ பெட்டியப் பிடிச்சுக்கிட்டா, நான் குச்சிய உரசினேன்.

சணல் நல்லா எரிஞ்சுது. தெருவுல இருட்டு விழல, வெளிச்சமும் இல்ல. நாலஞ்சு வாசல்ல அதே மாதிரி குட்டிக் குட்டித் தீ. உசுரோட இருக்கும்போது ஊருக்குப் போறேன்னு பொட்டியக் கட்டினா, பனியன் எங்க, பிரஷ் எங்கன்னு வீட்டையே கவுத்துப் போடுற மனுஷன். இன்னைக்குப் பொட்டியும் இல்ல, சத்தமும் இல்ல.

"எந்திரிச்சுட்டான்"ன்னா நகாவோ-சான். "ஏப்ரனக் கழட்டி மடிச்சுப் படியில வச்சுட்டான். உள்ள கட்டம் போட்ட துணி கட்டியிருக்கான்."

"கைலி. எப்படி நிக்கிறாக?"

"எப்படின்னா?"

"சொல்ல வேண்டாம். செஞ்சு காட்டுங்க."

அந்தம்மா சுத்தி முத்தும் பாத்தா. எழுவது வயசு, அந்தத் தெருவுல சத்தமாத் தும்முறதுக்கே மன்னிப்புக் கேக்குற பொம்பளை. எந்திரிச்சு நின்னா. இல்லாத கைலிய ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கி, முட்டிக்கு மேல மடிச்சு, ஒரு சுருட்டு சுருட்டி இடுப்புல சொருகினா. நெஞ்ச முன்னால தள்ளி, முழங்கைய அகட்டி நடந்தா. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கழுத்த நீட்டி, என்ன கொழம்புன்னு மோந்து பாத்தா.

அவுகதான். குட்டையா, நரைச்ச தலையோட, பூப்போட்ட சட்டையில எங்க வீட்டுக்காரரு எனக்கு முன்னால நடந்து போனாக.

"எம் புருஷன்?"னு திரும்பாமலே கேட்டா.

நானும் இறங்கினேன். என் ரூமுல இருந்து இறங்கி வந்த பெரியவரு எப்படிப் போனாரோ அப்படி, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, சுவரு ஓரமா, வழியில உள்ள ஒவ்வொரு தொட்டிச் செடியிலயும் ஒரு இலையத் தொட்டுப் பாத்துக்கிட்டு. சைக்கிள்ல வந்தவரு எங்க ரெண்டு பேரையும் பாத்து, சைக்கிள விட்டு இறங்கியே நின்னுட்டாரு.

மளிகைக் கடைக்கிட்ட பெரியவரு நின்னாரு. நானும் நின்னேன்.

"ஏன் நிக்கிற?"

"அவரு நிக்கிறாரு. திரும்பி உங்களப் பாக்குறாரு. நீங்க வந்து சேரட்டும்னு."

"ஒரு நாளும் எனக்காக அவரு நின்னதில்ல."

"இப்ப நிக்கிறாரு. பொய் வேண்டாம்னு பேசியிருக்கோம்ல."

நகாவோ-சான் தன் நடையில, சின்னச் சின்ன அடியா வந்து என் பக்கத்துல நின்னா. கிமோனோவக் கட்டின மாதிரி சட்டைய இழுத்து விட்டுக்கிட்டா. என்னப் பாக்கல. எனக்கு ரெண்டடி தள்ளி இருந்த காத்தப் பாத்து ஏதோ சொன்னா. அது எனக்குப் புரிஞ்சுது, இங்க எழுத மாட்டேன்.

"எங்க ஆளு நிக்கிறாகளா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. அவன் முன்னால போயிட்டான்."

"போவாக. நிப்பாகன்னு நெனச்சீகளா?"

"ஆனா கைய இப்படி வச்சிருக்கான்." வலது கையப் பின்னால நீட்டி, விரல் நாலையும் ஆட்டினா. "திரும்பிப் பாக்கல. கை மட்டும். இதுக்கு என்ன அர்த்தம்?"

சந்தையில, திருச்செந்தூர்க் கூட்டத்துல, விமானம் ஏறுற எடத்துல, எங்க போனாலும் அவுக முன்னால போயிருவாக. நின்னு கூட்டிட்டுப் போனா கவுரவம் கொறைஞ்சிரும். கைய மட்டும் பின்னால விட்டு ஆட்டுவாக. ஏட்டி வா, சீக்கிரம் வான்னு. நானும் திட்டிக்கிட்டே ஓடிப்போய் அந்த விரலப் பிடிச்சுக்குவேன்.

நகாவோ-சானோட சுருங்கின கை அந்தரத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. கிட்டப் போனேன். விரலப் பிடிக்கல.

"இப்ப வர மாட்டேன்"ன்னு தமிழ்ல சத்தம் போட்டேன். "எனக்கு வேலை கெடக்கு. ஊருக்குப் போகணும். நீங்க போங்க."

அந்தம்மா கைய இறக்கினா. தெரு முக்கையே பாத்துக்கிட்டு இருந்தா.

"கேட்டுச்சா அவுகளுக்கு?"

"கேட்டுச்சு. தலைய ஆட்டுறான். ஆனா ஆமான்னு இல்ல. இல்லன்னும் இல்ல." கழுத்தத் தளர விட்டு, தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவா ஆட்டிக் காட்டினா. "இப்படி. இதுக்கு என்ன அர்த்தம்?"

"சரின்னு அர்த்தம்"ன்னேன்.